லட்சுமியின் 21 நாள்

ஏப்ரல் 12
லட்சுமி கன்று போட்டு மூன்று மாதம் ஆகிறது. இன்னும் ஒரு தடவைகூடச் சினைக்குக் கத்தவில்லை. டாக்டர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "நேத்துதாம்மா பருவத்துல இருந்திருக்கு. வெயில் காலத்துல ராத்திரியிலதான் காட்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான்" என்றார். கத்தாமலே வந்துபோகும் ஊமைப் பருவமாம். திருவல்லிக்கேணிச் சந்தில் தகரக் கொட்டகைக்கு அடியில் நிற்கிற மாடு, பாவம். பருவம் 21 நாளுக்கு ஒரு தடவை திரும்பும் என்பதால், நேற்றிலிருந்து 21 நாள் எண்ணி மே 2-இல் வட்டம் போட்டேன்.

மே 2
ராத்திரி பத்து மணிக்கு ஒன்றுமில்லை. விடிகாலை நாலு மணிக்கு டார்ச்சோடு போனால், கண்ணாடி மாதிரி வழும்பு அறுந்து விழாமல் தொங்குகிறது. விரலில் எடுத்து இழுத்தேன். முட்டை வெள்ளைக்கரு போல நீண்டது. பிறப்புறுப்பு தடித்திருந்தது. அவிழ்த்துவிட்டதும் பக்கத்து வீட்டு மாடு மேலே தாவியது, லட்சுமி நகராமல் நின்றாள். பருவத்தைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உச்சத்தில் இருக்கிற நேரம் இது. முட்டை வெளிவருவது பருவம் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான். அதனால் காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி. டாக்டர் உறைந்த விந்து இருக்கும் நைட்ரஜன் கேனைத் திறந்ததும் வெண்புகை. உள்ளே மைனஸ் 196 டிகிரி.

மே 4
வாலில் ரத்தம்! பயந்து டாக்டருக்குப் போன் போட்டேன். பருவம் முடிந்து ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது வரும் கசிவுதான், சினை நின்றதா இல்லையா என்பதற்கு அது அடையாளம் இல்லை என்றார்.

"மாட்டுக்கும் பீரியட்ஸ் வருமாம்மா?" என்றாள் மகள். வராது. நமக்கு முட்டை வெளியேறி ஏறக்குறைய இரண்டு வாரத்தில், கரு தங்காவிட்டால், கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் குறைந்து கர்ப்பப்பையின் உள்சுவர் உதிர்கிறது. பசுவுக்கு அப்படி உதிர்வதில்லை, உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம்தான் மெல்லச் சொன்னாள், தனக்குப் போன தடவை 40 நாள் ஆனதாம். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 21 முதல் 45 நாள் வரை இயல்புதான் கண்ணு என்றேன். தன் தேதியையும் அதே காலண்டரில் குறித்துக்கொண்டாள். எட்டாவது படிக்கிற பிள்ளை ஒளிக்காமல் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் அம்மாவிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வந்ததே இல்லை.

மே 23
21-ஆம் நாள். இரண்டு வேளையும் வழும்பு இல்லை. வயிற்றில் கரு இருந்தால் அது தன் இருப்பைத் தெரிவித்துவிடும். இல்லாவிட்டால் கர்ப்பப்பையே புராஸ்டாகிளான்டின் என்ற பொருளைச் சுரந்து, சினைப்பையில் புரோஜெஸ்டிரான் தரும் மஞ்சள் திரட்சியைக் கரைத்துவிடும். மறுபடி பருவம் வரும். மறுபடி ஊமைப் பருவமோ என்னவோ. நாளையும் எழுந்து பார்க்கணும்.

ஜூலை 4
63 நாள். டாக்டர் தோள்வரை கையுறை போட்டுக் கையை விட்டார். லட்சுமி அசை போடுவதை நிறுத்தினாள். "சினை நின்னுடுச்சும்மா." 280 நாள் கணக்கில் கன்று போடும் நாள் பிப்ரவரி 6. அடுத்த வருடக் காலண்டர் ஏது இப்போது? மகள் பின் அட்டையில் எழுதி வைத்தாள்.