நெற்றியில் ஒரு மில்லிமீட்டர்

ஜூன் 7, சனி

பார்சல் பிரித்தாயிற்று. மேஜையில் ஆடும் போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. மெட்ராஸ் சிப்பாய் பொம்மைகள், வெள்ளை உலோகத்தில். பெயிண்ட் நாம்தான் அடிக்க வேண்டும். ப்ளாஸ்டிக் பொம்மைகளைவிட விலை கூடுதல்தான், ஆனால் கையில் எடுத்தால் கனம் தெரிகிறது. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அதைச் சின்ன அரத்தால் தேய்த்து எடுப்பதில் மாலை போயிற்று. ப்ரைமர் (பெயிண்ட் ஒட்டுவதற்கான முதல் பூச்சு) அடித்த பிறகு அந்தக் கோடு கண்ணில் பட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

களம் அஸ்ஸாயே, கம்பெனிப் படைக்கும் மராட்டியருக்கும் நடந்த போர். 1803 செப்டம்பர் 23. பின்னாளில் வாட்டர்லூவில் ஜெயித்த வெலிங்டன், அப்போது வெறும் ஆர்தர் வெல்லெஸ்லி. எதிரே சிந்தியா, போன்ஸ்லே படைகள். சிந்தியாவின் பயிற்சி பெற்ற காலாட்படையை நடத்தியவர் போல்மன் என்ற ஹனோவர்க்காரர். படம் போடுகிறவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களின் 74-ஆவது, 78-ஆவது ரெஜிமெண்டுகளைத்தான் போடுவார்கள். ஆனால் வெல்லெஸ்லியின் படையில் மெட்ராஸ் காலாட்படையின் ஐந்து பட்டாலியன்கள் இருந்தன. என் மேஜையில் அவர்கள்தான் முதலில்.

ஜூன் 8, ஞாயிறு

மொட்டைமாடியில் ப்ரைமர். சென்னையில் இதற்கு நேரம் பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் வெளுத்துப் பூத்துவிடும். உச்சி வெயிலில் அடித்தால் துளி பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும். காலை பத்து மணி தோது.

ஜூன் 14, சனி

இன்று முழுக்கத் தோல் நிறம். ‘ஃப்ளெஷ்’ என்று விற்கிற டப்பா எல்லாமே ரோஸ் நிறம். யாருடைய சதை என்று கேட்டால் பதில் இருக்காது. அதைத் தொடவே இல்லை. அடர் பழுப்பில் அடிப்பூச்சு, அதில் கொஞ்சம் காவி மஞ்சள் கலந்து மூக்குத் தண்டு, கன்னத்து எலும்பு, முழங்கால். வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலந்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். கொஞ்சம் ஆரஞ்சு கலந்தால் போதும், உயிர் வந்துவிடும். மெட்ராஸ் படையில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பழுப்பு அடிப்பது சோம்பேறித்தனம். நான் மூன்று கலவை வைத்துக்கொண்டேன்.

ஜூன் 21, சனி

சிவப்புக் கோட்டு முடிந்தது. அரக்குச் சிவப்பு, மேலே சிவப்பு, விளிம்பில் ஆரஞ்சு. கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்டு நிறம் மாறும்.

அரைக்கால் சட்டைதான் படுத்திவிட்டது. வெள்ளைத் துணி, தொடையோடு நிற்கும். ஓரத்தில் நீலத்தில் முக்கோண முக்கோணமாக ஒரு கரை. புடவைக் கடையில் டெம்பிள் பார்டர் என்பார்களே, அதேதான். முதலில் நீலத்தில் ஒரு பட்டை இழுத்துவிட்டு, மேலிருந்து வெள்ளையால் V வடிவில் வெட்டிக்கொண்டு வருவது சுலபம். நீலத்தால் முக்கோணம் போடப் போனால் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவராது. பிரஷ் மெல்லியதாக இருக்கிறதா என்பதைவிட நுனி கூராக நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ரொம்பப் பொடி பிரஷ்ஷில் பெயிண்ட் பொம்மைக்குப் போகுமுன் காய்ந்துவிடும். கோலின்ஸ்கி முடி பிரஷ்ஷில் ஒன்றாம் நம்பரே போதும்.

ஜூன் 29, ஞாயிறு

நண்பன் வந்து பார்த்தான். முகங்களை உற்றுப் பார்த்துவிட்டு, “மீசை போதும்டா, நெத்தியில எல்லாம் எதுக்கு? மூணு அடி தள்ளி நின்னா யாருக்குத் தெரியப்போகுது?” என்றான். ஆடுகிறவன் நியாயம் அது. தலைப்பாகைக்குக் கீழே தெரிகிற நெற்றி ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்.

ஆனால் அஸ்ஸாயேவுக்கு மூன்றாம் வருஷம் வேலூரில் வெடித்தது இந்த ஒரு மில்லிமீட்டரில்தான். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை முடிந்தவரை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று விதி. கூடவே தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் காவலில் இருந்தது, சம்பளக் குறை இருந்தது, எல்லாம் சரி. ஆனாலும் இந்த உத்தரவைப் போட்டவர்கள் சிப்பாயை மூன்று அடி தள்ளி நின்றுதான் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவன் போன பிறகு உட்கார்ந்து போட்டேன். சிலருக்குத் திருநீறு: நீர்த்த வெள்ளையில் ஒரே இழுப்பு. சிலருக்கு நாமம்: இரண்டு வெள்ளைப் புள்ளி, நடுவே சிவப்பை ஊசி முனையால் தொட்டு வைத்தது. சிலருக்கு ஒன்றுமில்லை. கடுக்கனுக்குத் தங்க நிறம்.

ஜூலை 5, சனி

பேஸ், அதாவது பொம்மை நிற்கிற தரை. இங்கிலாந்துப் பச்சைப்புல் வேண்டாம். அஸ்ஸாயே இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டம், கரிசல் பூமி. ஃபெவிகாலின் மேல் சலித்த மணல், அதற்குக் கரும்பழுப்பு, மேட்டில் மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் சாம்பல். காய்ந்த புல் இரண்டு கொத்து. மினுக்காத மேட் வார்னிஷைப் பிரஷ்ஷாலேயே பூசினேன். இந்த ஈரத்தில் ஸ்ப்ரேயை நம்ப மாட்டேன்.

ஜூலை 10, வியாழன்

1806-இல் இதே தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அங்கிருந்த வெள்ளைக்காரர்களின் 69-ஆவது ரெஜிமெண்டில் நூற்றுக்கும் மேல் செத்தார்கள். சேதி போனதும் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். அவரைக் கயிறு கட்டி மதில் மேல் ஏற்றினார்கள். பிறகு பீரங்கியால் கதவை உடைத்து உள்ளே புகுந்தார்கள். அதற்குப் பின் நடந்தது படுகொலை. செத்த சிப்பாய்கள் பல நூறு. விதிகளைத் திரும்பப் பெற்றார்கள். கவர்னர் பென்டிங்க், தளபதி கிராடக் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

கில்லெஸ்பியோடு வந்த குதிரைப்படை 19-ஆவது லைட் டிராகூன்கள். அஸ்ஸாயேயில் 74-ஆவது ரெஜிமெண்ட் சிதறிக்கொண்டிருந்தபோது பாய்ந்து காப்பாற்றியதும் அவர்கள்தான். ஆர்டர் போட வேண்டிய அடுத்த பெட்டியும் அவர்களுடையதே, குதிரைகளோடு. விலையைப் பார்த்துவிட்டுச் சம்பளத் தேதி வரட்டும் என்று ஓரமாக வைத்திருக்கிறேன்.