சித்தப்பா வரைந்த பூதத்துக்கு உட்காரத் தெரியாது

நான் வரைந்த பூதம் நிராகரிக்கப்பட்டது. காரணம், அதற்கு உட்காரத் தெரியாது.

தீர்ப்புச் சொன்னவள் அண்ணன் மகள், ஏழு வயது. விடுமுறைக்கு வந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பூதம் இருப்பதாகச் சொன்னாள். பயமெல்லாம் இல்லை, சும்மா தகவல் சொல்கிற தொனிதான். கையில் பேனா இருந்ததால், "இப்படியா இருக்கும்?" என்று ஏதோ ஒரு பில்லின் பின்பக்கம் வரைந்து காட்டினேன். பெரிய இறக்கை, நீண்ட நகம், முள் முள்ளாக ஒரு வால். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"இவ்ளோ பெரிய இறக்கைய வச்சுக்கிட்டு கட்டிலுக்கடியில எப்படி சித்தப்பா போகும்?"

"மடக்கிக்கும்."

"மடக்குறதுக்கு மூட்டே இல்லையே."

மூட்டு வரைந்தேன். அடுத்தது வால். உட்கார்ந்தால் தனக்கே குத்தாதா? நகம் இவ்வளவு நீளமாக இருந்தால் காது அரிக்கும்போது என்ன செய்யும்? இருட்டிலேயே இருக்கிற பூதத்துக்குக் கண் எதற்கு இவ்வளவு சின்னது? கேள்வி கேட்பதில் வழக்கறிஞர்களே அவளிடம் தோற்றுப்போவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புதுப் படம். சாயங்காலத்துக்குள் இறக்கை போய்விட்டது. கட்டில் பலகை இடிக்கும் என்பதால் முதுகு தட்டையானது. கண் பெரிதானது. தவழ்ந்தே பழகியதால் முழங்கையில் காய்ப்புக்கூட வந்துவிட்டது. கடைசிப் படத்தைப் பார்த்து, "ம், இதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கப் போனாள். தூக்கம் போனது எனக்குத்தான். கணக்குப் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்து எத்தனையோ கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறேன், ஒருநாளும் இப்படி ஒரு குதூகலம் வந்ததில்லை.

அந்த இரவு தேடிப் பார்த்ததில்தான் தெரிந்தது, இந்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது, சம்பளம்கூட இருக்கிறது. கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட். சினிமாவுக்கோ வீடியோ கேமுக்கோ ஒரு விலங்கோ வண்டியோ ஊரோ தேவைப்பட்டால், அது எப்படி இருக்கும், எப்படி நகரும், எந்தப் பக்கம் திறக்கும் என்று முதலில் வரைந்து பார்ப்பவர். வரைவதில் பெரும்பகுதி குப்பைக்குப் போகும். தப்பிப் பிழைத்ததை வைத்து மாடல் செய்கிறவர்களும் உடை தைக்கிறவர்களும் செட் போடுகிறவர்களும் வேலையைத் தொடங்குவார்கள். படம் அழகாக இருந்தால் நல்லது, ஆனால் அவர்களுக்குப் புரிந்தே ஆக வேண்டும்.

ரால்ஃப் மெக்குவாரி என்று ஒருவர். போயிங் விமான நிறுவனத்தில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர். 1975இல் அவரை 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு வரையக் கூப்பிட்டார்கள். கதையில் வில்லன் ஒரு விண்கலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறான். வெளியே காற்று இல்லையே, அந்த ஆள் எப்படி மூச்சு விடுவான் என்று இவருக்குக் கவலை வந்துவிட்டது. ஒரு சுவாசக் கவசத்தை மாட்டிவிட்டார். டார்த் வேடரின் முகமூடி வந்த கதை இதுதான். அத்தனை பேரை நடுங்கவைத்த முகம், வில்லன் மூச்சு முட்டிச் செத்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் பிறந்தது! என் அண்ணன் மகளைக் கேட்டிருந்தால் அவளும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாள்.

சிட் மீட் கதை இன்னும் பிடித்தது. ஃபோர்டு நிறுவனத்தில் கார் வடிவமைத்தவர். 1982இல் வெளிவந்த 'பிளேடு ரன்னர்' படத்துக்கு அவரை வண்டிகள் வரையத்தான் அழைத்தார்கள். வண்டி என்றால் தெருவில்தானே நிற்கும் என்று பின்னால் தெருவையும் சேர்த்து வரைந்து கொடுத்தார். பார்த்தவர்கள் ஊரையே அவர் தலையில் கட்டிவிட்டார்கள். கேட்காத வேலையையும் சேர்த்துச் செய்து கொடுத்தால் என்ன ஆகும் என்பது ஆபீஸ் போகிற எல்லோருக்கும் தெரியும். சினிமாவில் மட்டும் அது புகழில் முடிகிறது.

நானும் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் ஆகப்போகிறேன் என்று மறுநாள் வீட்டில் அறிவித்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டே விசாரித்தாள்.

"நீங்க வரையற படம் சினிமாவுல வருமா?"

"வராது. அதைப் பார்த்துச் செஞ்சதுதான் வரும்."

"எங்கயாவது மாட்டி வைப்பாங்களா?"

"படம் வெளியாகுற வரைக்கும் வெளியில காட்டவே கூடாது. கையெழுத்து வாங்கிக்குவாங்க."

"நீங்க வரைஞ்சதை யாரும் பார்க்க மாட்டாங்க, விற்கவும் முடியாது, பாதி குப்பைக்குப் போயிடும். அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட."

"அப்ப நீங்க ஏற்கெனவே ஆயிட்டீங்களேங்க."

அம்மாவுக்கு 'படம் வரைகிறான்' என்பது மட்டும் புரிந்தது, அதையே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். இரண்டே நாளில் பெரியப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் புகைப்படம் போனில் வந்து இறங்கியது. மீசையை மட்டும் கொஞ்சம் கறுப்பாக வரையச் சொல்லி ஒரு குரல் பதிவும் கூடவே வந்தது.

கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், எடுத்த எடுப்பில் பெட்டி வரையச் சொல்கிறார்கள். நேராக ஒரு பெட்டி, சாய்ந்த பெட்டி, மிதக்கிற பெட்டி, பக்கம் பக்கமாகப் பெட்டி. பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரமும் கோணமும் தெரிகிற மாதிரி வரைவது, கைக்கு வராமல் டிராகன் பக்கம் போகாதே என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அப்புறம் கம்ப்யூட்டரில் வரைவதற்கான பேனா டேப்லெட். கை மேஜையில், கண் திரையில், கோடு இரண்டுக்கும் சொல்லாமல் வேறெங்கோ போகும். இலவச பிரஷ்களை டவுன்லோடு செய்வது தனி வியாதி. மேகத்துக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று, செதிலுக்கு ஒன்று என்று சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு வட்ட பிரஷில்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் ஒரு கொடூரமான சோதனை உண்டு. வரைந்ததை இடவலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க இழைத்து இழைத்து ஒரு வீரனை வரைந்தேன், ஆள் அம்சமாக இருந்தான். திருப்பினேன். ஒரு கண் நெற்றியில், மறு கண் கன்னத்தில், தாடை பாதி வழிந்து கிடந்தது. அன்றிலிருந்து யாருடைய முகத்தையும் நான் அதிகம் நம்புவதில்லை.

இன்னொன்று சில்லவுட். உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிவிட்டு, வெறும் நிழலை வைத்தே அது யார், என்ன செய்கிறது என்று தெரிகிறதா பார்ப்பது. ஊருக்குத் திரும்பிவிட்ட அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். "தலையணையா சித்தப்பா?" என்றாள். கடற்கொள்ளைக்காரன் அவன். அடுத்த வீடியோ காலில் இன்னொன்றையும் பிடித்துவிட்டாள். என் ஆட்கள் எல்லோரும் ஏன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழங்கால் உயரப் புல்லில் நிற்கிறார்கள்? கையும் பாதமும் வரையச் சிரமப்படுகிறவர்கள் எல்லோரும் ஒளிகிற இடம் அது. அவளிடம் அதையெல்லாம் விளக்க முடியுமா? அந்த நாட்டில் புல் நன்றாக வளரும் என்று சொல்லிவைத்தேன்.

ஆபீசில் மேலாளர் ஒருநாள் என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டார். கூட்டத்தின் முடிவுகள் ஓரமாக இருந்தன, நடுவில் ஆறுகால் குதிரை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் எடுப்பா இருந்தா தேவலை" என்றார். எந்த இடத்தில் எடுப்பு வேண்டும் என்று கேட்டேன். "அது நீங்கதான் பார்க்கணும்." முதல் வாடிக்கையாளர் அனுபவம் இலவசமாகக் கிடைத்தது.

நிஜமான வேலை வீட்டிலிருந்துதான் வந்தது. "இல்லாத பூதத்துக்கு முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டுன்னு வரையறீங்களே, ஒரு செருப்பு அலமாரிக்கு வரைஞ்சு குடுங்க பார்ப்போம்" என்றாள் மனைவி. எத்தனை ஜோடி, யார் உட்கார்ந்து மாட்டுவார்கள், மழைக்காலத்தில் குடை எங்கே போகும் என்று விசாரணை நடத்தினேன். தீப்பெட்டி அளவில் ஒரு பக்கம் நிறையச் சின்னச் சின்ன தம்ப்நெயில் போட்டுக் கொடுத்தேன். ஒன்றின் மேல்பாதியும் வேறொன்றின் காலும் சேர்ந்த மாதிரி வேண்டும் என்றாள். எல்லா ஆர்ட் டைரக்டரும் இப்படித்தான் கேட்பார்களாம்.

ஆசாரி படத்தைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"அளவெல்லாம் பக்கத்துலயே எழுதியிருக்கீங்க. இப்படி யாரும் குடுக்கறதில்ல சார்." விரல் ஓரிடத்தில் நின்றது. "இந்தக் கொம்பு எதுக்கு?"

"குடை மாட்ட."

"நனைஞ்ச குடையா? தண்ணி செருப்பு மேலதானே சொட்டும்?"

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். கொம்பை நாலு விரல்கடை வெளியே தள்ளிப் போட்டு, கீழே ஒரு தகரத் தட்டும் வரைந்தார். "இவருதாங்க ஆர்ட்டிஸ்ட்" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமலே.

அலமாரி வந்துவிட்டது. கொம்பு நன்றாகவே வேலை செய்கிறது. பார்த்தவர்கள் கேட்டார்கள் என்று ஆசாரி அதே மாதிரி இன்னும் இரண்டு செய்துகொண்டிருக்கிறாராம், படமும் அவரிடமே இருக்கிறது. என் பெயர் எங்கும் வராது. கையெழுத்து மட்டும்தான் இன்னும் வாங்கவில்லை.