கடைமடைக்கு அப்பால்

ஜனவரி 16, வெள்ளி. மன்னார்குடி

மாட்டுப் பொங்கல். சித்தப்பா காலையிலேயே போன் செய்துவிட்டார். "ஞாயித்துக்கிழமைக்குப் படகு சொல்லியாச்சு தம்பி. ஏழு மணிக்கெல்லாம் ஜாம்பவானோடைல இருக்கணும். தண்ணி வத்திட்டா லகூனுக்குள்ள படகு போகாது."

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகவேண்டும் என்று எத்தனையோ வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பாமணியாற்றில் நீந்தக் கற்றவன் நான். அந்த ஆறு எங்கே போய் முடிகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

இரவு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலாலேயே ஆற்றோடு போனேன். கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. அது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்புக்கு வந்ததும் மூன்றாகிறது. வெண்ணாறு ஒரு பக்கம் போக, கோரையாறும் பாமணியாறும் தனித்தனியே தெற்கே இறங்குகின்றன. பாமணி எங்கள் ஊர் வழியாக வருகிறது. தலைப்பில் பிரிந்த இந்த இரண்டும் மறுபடி ஒன்றையொன்று பார்ப்பது முத்துப்பேட்டைக் காட்டில்தான். கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு, வளவனாறு என்று இன்னும் சிலவும் அங்கேதான் வந்து சேர்கின்றன.

தாத்தா காலத்திலிருந்து காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு: "தண்ணி கடல்ல வீணா கலக்குது." டீக்கடையில் சொல்வார்கள், டிவியில் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 17, சனி. சித்தப்பா வீடு

சாயங்காலம் வந்து சேர்ந்தேன். சம்பா இன்னும் பத்து நாளில் அறுப்புக்கு வந்துவிடும். சித்தப்பா கதிருக்கு நடுவே உளுந்து தெளித்துவிட்டார். இவர் வயலுக்குத் தண்ணீர் வருவது எப்போதுமே கடைசியில்தான். முறைத்தண்ணீர் கேட்டு அவர் மறியலில் உட்கார்ந்த நாட்கள் சித்திக்கு மனப்பாடம்.

வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் இப்போது இளங்கன்றுகள் நிற்கின்றன. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்தபோது பெரிய மரங்கள் எல்லாமே விழுந்துவிட்டன. அந்தப் பேச்சு வந்தால் சித்தி எழுந்து உள்ளே போய்விடுவார். இன்றும் போனார்.

ஜனவரி 18, ஞாயிறு. இரவு எழுதியது

உடம்பெல்லாம் உப்பும் சேற்று வாடையும். குளித்த பிறகும் போகவில்லை. ஆனாலும் தூங்குவதற்கு முன் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

ஜாம்பவானோடை தர்காவைத் தாண்டி வனத்துறைப் படகுத்துறைக்குப் போனபோது பனி இன்னும் விலகவில்லை. கோரையாறு அசையாமல் கிடந்தது. எங்களோடு பட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம். வழிகாட்ட வாட்சர் ஒருவர், படகு ஓட்ட இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, வாட்சர் எங்கள் தண்ணீர் பாட்டில்களை எண்ணினார். "ஆறு பாட்டில் போகுது. ஆறும் திரும்பி வரணும்" என்றார். அவரை அப்போதே பிடித்துவிட்டது.

முதல் அரைமணி நேரம் ஆறுதான். கரையில் கருவேலமும் உமரியும். அப்புறம் இரண்டு பக்கமும் கரையே தெரியாமல் பச்சை மூடிக்கொண்டது. மோட்டாரை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் சேற்றுக்குள் என்னவோ 'டப் டப்' என்று வெடிக்கும் சத்தம் மட்டும். இறாலும் நண்டும் செய்யும் வேலை என்றார் வாட்சர்.

ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் ஹெக்டேர் காடு இது. மரம் என்று பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே மரம்: அலையாத்தி, அதாவது வெண்கண்டல். பிச்சாவரத்தில் பார்த்தது போல வளைந்து வளைந்து நீரில் இறங்கும் சுரபுன்னை வேர்களைத் தேடினேன். "அதெல்லாம் நல்ல தண்ணி கொஞ்சம் அதிகமா கேட்கும் சார். இங்க உப்பு கூட. இந்த உப்பைத் தாங்குறது இவன்தான்" என்று ஒரு கிளையைத் தட்டினார். இடையிடையே தில்லை மரம் தெரிந்தது. சிதம்பரத்துக்குப் பழைய பேர் தந்த அதே தில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், கை வைக்காதீர்கள் என்று இரண்டு தடவை எச்சரித்தார்.

அலையாத்தி இலை ஒன்றைப் பறித்து "நாக்குல வச்சுப் பாருங்க" என்றார். உப்பு கரித்தது. வேர் வழியாக ஏறும் உப்பில் ஒரு பங்கை மரம் வேரிலேயே தடுத்துவிடுகிறது. மீதியை இலையில் இருக்கும் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயில் ஏறியதும் இலைமேல் அது பொடிப்பொடியாக மின்னியது. கீழே சேற்றில் ஆயிரக்கணக்கான மூச்சு வேர்கள், பென்சிலை நட்டு வைத்ததுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது.

அந்த வேர்களுக்கு நடுவில் இரண்டிரண்டு இலையோடு கன்றுகள் முளைத்திருந்தன. விதை மரத்தில் இருக்கும்போதே உள்ளுக்குள் முளைவிடத் தொடங்கிவிடுமாம். விழுந்ததும் மிதந்துபோய், சேறு கிடைத்த இடத்தில் வேர் பிடித்துக்கொள்ளும். சித்தப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "யாரோ நாத்து விட்ட மாதிரி இருக்குடா" என்றார். அவர் என்னை 'டா' போட்டுப் பேசினால் மனம் இளகியிருக்கிறார் என்று அர்த்தம்.

கொஞ்ச தூரத்தில் படகு ஒரு வாய்க்காலின் வாயில் நின்றது. இந்தப் பயணத்தில் என் மனதில் மிக ஆழமாகப் பதிந்த இடம் இதுதான். நேராக ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். இரண்டு கரையிலும் அடர்த்தியாக அலையாத்தி.

வாட்சர் கதையைச் சொன்னார். ஒரு காலத்தில் இந்தக் காடு சத்திர நிர்வாகத்தின் கையில் இருந்தது. 1937-ல் வனத்துறைக்கு வந்தது. 1970-கள் வரை கூப்பு கூப்பாக, அதாவது பகுதி பகுதியாக, மொட்டையடித்து விறகுக்கு விற்றார்கள். வெட்டின இடத்தில் தானாக முளைக்கும் என்று நினைத்தார்கள், முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயிலில் மண்ணின் ஈரம் வற்றி, தரை அமுங்கிப் பள்ளமாகிவிட்டது. அந்தப் பள்ளத்துக்குள் வந்த கடல்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கியது காய்ந்து உப்பு ஏறிக்கொண்டே போனது. அலையாத்தியே தாங்காத உப்பு.

1990-களில் வனத்துறையும், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனமும், கரையோர ஊர்க்காரர்களும் சேர்ந்து இந்த வாய்க்கால்களை வெட்டினார்கள். தண்ணீர் ஏறும்போது உள்ளே வருகிறது, வற்றும்போது உப்பையும் சேர்த்துக்கொண்டு வெளியே போகிறது. வாய்க்கால் சரிவில் கன்று நட்டார்கள். பிடித்துக்கொண்டது. மீனவர்கள் மீன் பிடிப்பதற்காகக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டும் பழக்கம் இங்கே முன்பே உண்டு. அந்தக் கரைகளில் மரம் செழிப்பாக இருப்பதை அவர்கள் பார்த்துத்தான் இருந்தார்கள்.

சித்தப்பா உடனே சொன்னார்: "வடிகால் இல்லாத வயல்ல எரு கொட்டி என்ன பிரயோஜனம்? இதுவும் அதே கதைதான்." வாட்சர் சிரித்துக்கொண்டே, "அய்யா ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க" என்றார்.

பிறகு லகூன். காடு சட்டென்று விலகி, கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். கடல் போல இருந்தாலும் ஆழம் கிடையாது. தொலைவில் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். நீர்க்காகங்கள் வரிசையாக இறக்கை விரித்துக் காய்ந்தன. கூழைக்கடாக்கள் கூட்டமாகச் சேர்ந்து மீனை ஒதுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தோம். வெகு தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. "பூநாரை" என்றார் படகுத்தம்பி. பைனாகுலரைப் பட்டுக்கோட்டைக் குழந்தைகளிடமிருந்து திரும்ப வாங்கவே முடியவில்லை. வாங்கவும் மனசில்லை.

லகூன் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று பட்ட மரங்கள் நின்றன, கஜா தின்றது போக மிச்சம். அவற்றின் காலடியிலேயே புது மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் வந்துவிட்டன. சித்தப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "நமக்கு முன்னாடி இதுதான் அடி வாங்கியிருக்கு" என்றார். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இன்றுதான் அது மரத்தோடு ஒட்டிக்கொண்டது.

படகுத்தம்பியிடம் கேட்டேன், எந்த மாதத்தில் மீன் அதிகம் என்று. "மழை பெஞ்சு ஆத்துத் தண்ணி நல்லா இறங்குற வருசம் மடவை, கொடுவா, இறாலு எல்லாம் இருக்கும்ணே. தண்ணி வராத வருசம் உப்பு ஏறிடும். அந்த வருசம் நாங்க திருப்பூர் பக்கம் வேலைக்குப் போயிருவோம்" என்றார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "மேல எல்லாரும் வீணா போகுதுன்னு சொல்றாங்களே, அந்தத் தண்ணிலதான் அய்யா நாங்க சாப்புடுறோம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

சித்தப்பா பதில் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார்: "கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு ரோட்டுல உட்கார்ந்தவன் நான். எனக்குப் பின்னாடி இன்னொரு கடைமடை இருக்குன்னு நினைச்சதே இல்லடா."

திரும்பும்போது பேசிப் பேசி நேரம் போய்விட்டதால் தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. நானும் படகுத்தம்பியும் இறங்கித் தள்ளினோம். தொடை வரைக்கும் சேறு, அழுகிய முட்டை வாடை. காற்றில்லாத மண் என்றால் என்ன என்று காலுக்குத் தெரிந்தது.

அப்படித் தள்ளும்போதுதான் பார்த்தேன். மூச்சு வேர்களில் மாட்டிக்கொண்டு பால் கவர், தெர்மாகோல், சாஷே பாக்கெட். ஒரு ஜவுளிக்கடைப் பை. எடுத்து விரித்தேன். கடை பெயர் பாதி அழிந்திருந்தது, கீழே 'மன்னார்குடி' மட்டும் தெளிவாக இருந்தது. நான் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்த அதே வழியாக இது எனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது. மூச்சு வாங்கும் வேரின் மேல் எங்கள் ஊர்ப் பை. கைக்கு எட்டிய வரை எடுத்துப் படகில் போட்டேன். குழந்தைகளும் எடுத்தார்கள். ஆறு பாட்டிலோடு போனவர்கள் மூன்று மூட்டையோடு கரையேறினோம்.

ஜனவரி 19, திங்கள். மன்னார்குடி

வரும் வழியில் உதயமார்த்தாண்டபுரத்தில் இறங்கினேன். ஏரிக்குள் இருக்கும் மரங்களில் நத்தை குத்தி நாரைகள். இந்த ஏரி நிரம்புவதும் ஆற்றுத் தண்ணீரால்தான், கோடையில் காய்ந்துவிடும். 2022-ல் இதற்கும் வடுவூருக்கும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், இடம் கிடைத்தது. முத்துப்பேட்டைக் காடு 2002-லேயே கோடியக்கரையோடு சேர்ந்து அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. உலகமே ஒத்துக்கொண்ட இடங்கள் நம் ஆற்றின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மதியம் பழைய செய்தித்தாள் கோப்பைத் தூசி தட்டினேன். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னபோது ஆற்றின் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. அதில் சுற்றுச்சூழலுக்காக 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்காக 4 டி.எம்.சி. ஒதுக்கியது. 740-ல் பதினான்கு! அந்தத் தீர்ப்பு வந்த நாட்களில் கர்நாடகத்துக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு என்று நாங்கள் தெருத்தெருவாகப் பேசினோம். இந்தப் பதினான்கைப் பற்றி யாரும் வாய் திறந்ததாக ஞாபகமில்லை.

விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டு அடுப்பு எரிந்ததே நெல்லால்தான். வெள்ளக் காலத்தில் வரும் தண்ணீரைத் தேக்கி வைக்க ஏரி குளங்களைத் தூர்வாரவும் வேண்டும். ஆனால் அலையாத்திக் காட்டுக்குப் போகும் தண்ணீரை 'வீண்' என்று இனி என்னால் சொல்ல முடியாது. என் எதிரில் யாராவது சொன்னால் உட்காரவைத்து அந்த வாய்க்காலைப் பற்றிப் பேசுவேன்.

ஜனவரி 28, புதன்

வழக்கப்படி மேட்டூரை மூடும் நாள். சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு பாமணியாற்றுப் படித்துறைக்குப் போனேன். தண்ணீர் ஒரு படி இறங்கியிருந்தது. படி ஓரம் ஒதுங்கிய கவர்களை இருவரும் குச்சியால் இழுத்து எடுத்தோம். கால் சாக்கு சேர்ந்தது. "இதெல்லாம் அப்படியே போனா அந்த மூச்சு விடுற வேர்லயா போய் மாட்டும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்புறம் அவளே தண்ணீருக்குள் இறங்கி இன்னும் இரண்டு எடுத்தாள்.

அங்கே இருக்கும்போதே சித்தப்பா போன். அறுப்பு முடிந்ததாம், மூட்டை கொள்முதல் நிலையத்தில் இருக்கிறதாம். உளுந்து நன்றாக முளைத்திருக்கிறதாம். அதையெல்லாம் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு, "அங்க ஆத்துல தண்ணி எவ்வளவுடா போகுது?" என்றார்.

"முழங்கால் அளவு இருக்கு சித்தப்பா. உங்களுக்கு இனிமே எதுக்குத் தண்ணி? அதான் அறுத்தாச்சே?"

"எனக்கு வேண்டாம்டா. அந்தப் படகுக்காரத் தம்பி கேட்டான்."