பூஜ்யம் விநாடி ஏற்றப்பாட்டு

கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் வைத்துப் பெரியப்பாவை ஏற்றப்பாட்டு பாடச் சொன்னது போன ஞாயிற்றுக்கிழமை. கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை ஊர் மறந்து நாளாயிற்று. பாட்டு மட்டும் அவர் தொண்டையில் மிச்சம் இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்ற எனக்கு மூன்று இரவு பிடித்தது.

முதல் இரவு கேபிளோடு போயிற்று. செருகியதும் கருவியின் திரை ஒளிர்ந்தது. கணினியோ கண்டுகொள்ளவே இல்லை. கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடினேன், கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டேன். கடைசியில் கோபத்தில் கேபிளையே வெட்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்பு, கறுப்பு என்று இரண்டே கம்பி. தரவு போவதற்குப் பச்சையும் வெள்ளையுமாக இன்னும் இரண்டு இருந்திருக்க வேண்டும். எந்த டார்ச் விளக்கோடு வந்ததோ, சார்ஜ் ஏற்ற மட்டுமே லாயக்கு.

பழைய கைபேசியின் கேபிளைப் போட்டதும் கருவி ஒரு கேள்வி கேட்டது: கார்டு ரீடரா, ஆடியோ இன்டர்ஃபேஸா? இரண்டாவதை அழுத்தினால் கருவி கணினிக்கு மைக் ஆகிவிடும், கோப்பு ஒன்றும் தெரியாது. நான் அதைத்தான் முதலில் அழுத்தினேன்.

இரண்டாம் இரவு கோப்பு வந்துவிட்டது. நீளம்: 0 விநாடி.

பாடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்தது நினைவுக்கு வந்தது. வேவ் (WAV) ஒலிக்கோப்பின் தலைப்பகுதியில், உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்று எழுதியிருக்கும். பதிவை நிறுத்தும்போதுதான் கருவி அந்த எண்ணை நிரப்புகிறது. நடுவில் உயிர் போனால் அங்கே பூஜ்யமே நிற்கும். ஆனால் கோப்பின் எடை 660 எம்பி என்று விண்டோஸ் காட்டியது. நான் வைத்திருந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ: ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 24 பிட்டில், இரண்டு சேனலுக்கும் எழுதுவது. விநாடிக்கு 2,88,000 பைட். வகுத்துப் பார்த்தால் 40 நிமிடம். பாட்டு உள்ளேதான் இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை.

முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். கார்டில் இருக்கும் மூலத்தின் மேல் கை வைப்பது மடத்தனம். பிறகு ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ‘ரா டேட்டா’ இறக்குமதி, அதாவது தலைப்பகுதியை நம்பாமல் பைட்டுகளை அப்படியே ஒலியாகப் படிக்கச் சொல்வது: 24 பிட், லிட்டில் எண்டியன் (பைட் வரிசை), இரண்டு சேனல், 48000. தகரக் கூரையில் மழை கொட்டுவது போல் ஒரே இரைச்சல். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் பஸ்ஸில்தான் பொறி தட்டியது. 24 பிட் என்றால் ஒவ்வொரு மாதிரிக்கும், அதாவது ஒலியின் ஒவ்வொரு அளவுக்கும், மூன்று பைட். தலைப்பகுதி 44 பைட். அது மூன்றால் வகுபடாது. அதனால் கணினி ஒவ்வொரு மாதிரியையும் நடுவில் வெட்டிப் படிக்கிறது. அன்றிரவு, எத்தனை பைட் தள்ளிப் படிப்பது என்ற தொடக்க இடத்தை 1 ஆக்கினேன், மழை நிற்கவில்லை. 2 ஆக்கினேன்: தலைப்பகுதியில் மீதி 42, மூன்றால் வகுபடும். ‘டக்’கென்று ஒரு சத்தம், பிறகு பெரியப்பா செருமுகிறார், பிள்ளையாரைக் கூப்பிட்டுத் தொடங்குகிறார். பின்னால் பெரியம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம்கூடத் தெளிவு.

உடனே வேறு பெயரில் புது வேவ் கோப்பாகச் சேமித்தேன். இறைக்கும் சால்களை (நீர் மொள்ளும் பாத்திரம்) பாட்டிலேயே எண்ணிக்கொண்டு போவார்கள்; அந்த எண்ணிக்கை முப்பத்தேழில் அறுந்து நிற்கிறது. பெரியப்பாவுக்குப் போன் செய்து மீதியைக் கேட்டேன். “இருந்து எண்ணினால்தானடா வரும், நேரில் வா” என்றார். இரண்டு பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.