கரண்ட் இல்லாத ராத்திரில மாரியோ கிட்டார்

ரங்கூன்ல கரண்ட் போனா எங்க வீட்ல இப்போ கிட்டார் தான், சித்தப்பா பையன், சூப்பர் மாரியோ வீடியோ கேம்ல மாரியோ தண்ணிக்குள்ள நீந்துற கட்டத்தோட மியூசிக்க எடுத்து ரொம்ப நிதானமா வாசிக்கிறான், நகம் படாம விரல் சதையாலயே மீட்டுறான், கேக்க அவ்ளோ இதமா இருக்கு. 1985ல அந்த கேமோட இசையமைப்பாளர் கோஜி கோண்டோ போட்டது, ஒன்னு ரெண்டு மூணுன்னு போற வால்ட்ஸ் தாளம். அந்த பழைய நின்டெண்டோ கேம் மெஷின்ல சேனல்னு சொல்ற தனித்தனி ஒலி வழி கொஞ்சம் தான், மெட்டுக்கு ரெண்டு பல்ஸ் சேனல், பேஸுக்கு, அதாவது அடில போற கனமான சுரத்துக்கு, ஒரு ட்ரையாங்கிள் சேனல், தாளத்துக்கு இரைச்சல் போடுற நாய்ஸ் சேனல் தனி. அதனாலயே கிட்டார்ல சூப்பரா உக்காருது, கட்டைவிரல் தடிச்ச கம்பில பேஸ பிடிச்சுக்கும், மத்த விரலெல்லாம் மெட்ட பாத்துக்கும். வேகமா வாசிச்சு அசத்துறவங்க நெறைய பேரு, எனக்கு இந்த நிதானம் தான் பிடிச்சிருக்கு. அடுத்து செல்டா கேம் மியூசிக் வாசிடா தம்பின்னு கேட்டிருக்கேன்.