ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளோடு சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கு

கணவருக்கு இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் வேலை முடிவானபோது மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு ஸ்கூல் பார்த்தாச்சா? நான் அப்போது ஸ்கூல் பக்கமே போகவில்லை. ராத்திரி உட்கார்ந்து ரெடிங்கைச் சுற்றியுள்ள ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்புகளுக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன். "அங்க போயும் குட்டிக்கரணம்தானா?" என்றார் மாமியார். மகளுக்கு 12 வயது, மாநிலப் போட்டி வரை போனவள். மகனுக்கு 8, மாவட்ட அளவில் ஆடிக்கொண்டிருந்தான். இதே நிலையில் கிளம்பும் பெற்றோர்கள் அடிக்கடி விசாரிப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் கிளப், அடுத்து வீடு, அதற்கு அப்புறம் ஸ்கூல். யார் கேட்டாலும் இந்த வரிசையைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் அரசுப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. வருடத்தின் நடுவில் போய் இறங்கினாலும் அந்த ஊர் கவுன்சிலில் விண்ணப்பித்தால் எங்காவது ஓர் இடம் கிடைக்கும். டொனேஷன், டிசி என்று அலைய வேண்டியதில்லை. (டிசியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்தால் தேவைப்படும்.) ரெடிங்கில் நுழைவுத் தேர்வு வைக்கும் கிராமர் ஸ்கூல்கள் உண்டு, நம் ஆட்கள் அந்தக் கணக்கிலேயே வீடு பார்ப்பார்கள் என்பது தனிக் கதை. ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்புக்கு யாரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல கிளப்புகள் தொழிற்பேட்டை ஷெட்டுகளில் நடக்கின்றன. இடமும் குறைவு, கோச்சுகளும் குறைவு. நடக்கத் தெரிந்ததுமே குழந்தையின் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதி வைக்கும் பெற்றோர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கிளப்பின் பக்கத்தில் இருக்கும் சேர்க்கைப் படிவம் பெரும்பாலும் வாரம் ஒரு மணி நேரம் பொழுதுபோக்காக வரும் பிள்ளைகளுக்கானது. அதை நிரப்பிவிட்டுக் காத்திருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்கலாம். போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் குழுவை ஸ்குவாட் என்கிறார்கள். அதற்குள் போக ட்ரையல் உண்டு, அதைத் தீர்மானிப்பவர் தலைமை கோச். ஆகவே அவருக்கே நேராக எழுதுங்கள்.

என்ன எழுதுவது? என் கணவர் முதலில் போட்ட வரைவில் பதக்கங்கள் வரிசையாக இருந்தன. மாநில அளவில் மூன்றாம் இடம் என்றால் ரெடிங்கில் இருக்கும் கோச்சுக்கு அது என்ன தரம் என்று எப்படித் தெரியும்? அவருக்கு வேண்டியது பிறந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, ஒவ்வொரு கருவியிலும் பிள்ளை தனியாகச் செய்வது என்ன, கோச் கை கொடுத்தால் செய்வது என்ன. இந்தக் கடைசிப் பிரிவைத் தெளிவாக எழுதினால் மதிப்பு கூடும். அதோடு வீடியோ. வால்ட் (ஓடிவந்து தாண்டும் மேசை), பார்ஸ் (கம்பிகள்), பீம் (ஒடுங்கிய உத்தரம்), ஃப்ளோர் (தரை) ஒவ்வொன்றுக்கும் ஒன்று, பக்கவாட்டில் இருந்து, வெட்டாமல். என் தம்பி ஆர்வத்தில் பின்னணி இசை, ஸ்லோ மோஷன் எல்லாம் சேர்த்து ஒன்று தயாரித்தான். சொந்தக்காரர்கள் குரூப்பில் அது நன்றாக ஓடியது. கோச்சுக்கு அனுப்பியது வேறு.

வேளச்சேரி பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் ஒரு கடிதம் கேட்டேன். "எழுதித் தரேன்மா, இங்கிலீஷை மட்டும் நீங்க பார்த்துக்கோங்க" என்றார். பாராட்டு இரண்டு வரி, மீதி முழுக்க விவரம். முந்தைய வருடம் மகளுக்கு வந்த மணிக்கட்டு வலியையும் எழுதியிருந்தார். அதை எடுத்துவிடலாமா என்று கணவர் கேட்டார். நான் விடவில்லை. வளரும் வயதில் மணிக்கட்டு எலும்பின் நுனியில் இருக்கும் வளர்தட்டு (எலும்பு வளரும் பகுதி) மென்மையாக இருக்கும்; கைகளில் உடல் எடையைத் திரும்பத் திரும்பத் தாங்கும் இந்த விளையாட்டில் அங்கே அடிபடுவது சாதாரணம். புது கோச்சுக்கு அது தெரியாமல் போனால் கஷ்டம் பிள்ளைக்குத்தான்.

பாதிப் பேர் பதில் போடவில்லை. சிலர் பட்டியலைக் காட்டினார்கள். மகளுக்கு ட்ரையல் தர ஒரு கிளப் சம்மதித்தது, ஆனால் அங்கே பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் பயிற்சி. பெண்களுக்கு நான்கு கருவிகள், ஆண்களுக்கு ஆறு. பாமெல் ஹார்ஸ், ரிங்ஸ், பேரலல் பார்ஸ், ஹை பார் எல்லாம் வைக்க இடமும் வேண்டும், சொல்லித்தர ஆளும் வேண்டும். பையன்களை எடுக்கும் கிளப்புகள் குறைவு. ஆனால் எடுக்கிறவர்கள் ஆசையோடு எடுக்கிறார்கள். மகனுக்கு ஊரின் மறுகோடியில் சட்டென்று இடம் கிடைத்தது. வரைபடத்தில் இரண்டு கிளப்புக்கும் நடுவில், பஸ் போகும் சாலையாகப் பார்த்து வீடு தேடினோம். வீட்டு முகவரி வந்ததும் கவுன்சிலுக்கு ஸ்கூல் விண்ணப்பம் போனது.

விசா பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், எனவே இரண்டே விஷயம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்குக் காசநோய் பரிசோதனை கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட மையம் சென்னையிலேயே இருக்கிறது. 11 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பொதுவாக எக்ஸ்ரே எடுப்பதில்லை. இன்னொன்று, மருத்துவ வசதிக்கான கூடுதல் கட்டணம்: பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 776. நான்கு பேருக்கு மூன்று வருடம் என்றால் 10,866 பவுண்டு, மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். கம்பெனி கட்டுமா என்று வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இதைவிட எனக்குக் கவலையாக இருந்தது இடைவெளி. சாமான் கட்டுவது, வழியனுப்பு விருந்துகள், குலதெய்வம் கோயில் என்று கடைசி வாரங்களில் பயிற்சி நின்றுவிடும். அங்கே போயும் உடனே தொடங்காது. மாஸ்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்: சுவரில் சாய்ந்த ஹேண்ட்ஸ்டாண்ட், வயிற்றுப் பயிற்சி, ஸ்ப்ளிட்ஸ், குதிகால் தூக்குவது, வாசற்படிக் கம்பியில் தொங்குவது. காற்றில் சுழலும் எதையும் வீட்டிலோ மொட்டை மாடியிலோ செய்யக் கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பலம் போகாமல் பார்த்துக்கொண்டால் வித்தை திரும்பி வந்துவிடும் என்பது அவர் கணக்கு, அது அப்படியே பலித்தது. உள்ளங்கையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காய்ப்பு மென்மையாகிப் போய், அங்கே முதல் பார்ஸ் வகுப்பிலேயே மகளுக்குத் தோல் கிழிந்தது. பழகிய பழைய கிரிப்ஸை (கம்பி பிடிக்க உள்ளங்கையில் மாட்டும் தோல் பட்டை) கைப்பையில் எடுத்துப் போங்கள். புதிது அங்கே சுலபமாகக் கிடைக்கும், ஆனால் கைக்குப் படியக் கொஞ்ச காலம் ஆகும்.

ட்ரையலில் மகளைத் தடுமாற வைத்தது தரை. போட்டி ஃப்ளோர் 12 மீட்டருக்கு 12 மீட்டர், அடியில் ஸ்பிரிங். சென்னையில் இவள் பழகியது அதிகம் துள்ளாத விரிப்பில். அதே வேகத்தில் ரவுண்ட்-ஆஃப் (ஓடிவந்து கை ஊன்றித் திரும்பி இரண்டு காலில் இறங்குவது) போட்டதும் தரை இவளைத் தூக்கி எறிந்தது. சுழற்சி கூடிப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். கோச் சிரிக்கவில்லை, ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். குளிர் இன்னொன்று. சென்னைக் கூடத்தில் உள்ளே போன ஐந்தாவது நிமிடம் உடம்பு சூடாகிவிடும். வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் வெள்ளைப் பொடி வியர்வையில் கூழாகும். அங்கே ஷெட்டுக்குள் பனிக்காலத்தில் வார்ம்-அப்புக்கே நெடுநேரம் போகிறது, கை காய்ந்து வெடிக்கிறது.

ட்ரையலுக்குப் பின் மகளை அவள் நினைத்ததை விடக் கீழ்ப் போட்டி நிலையில் போட்டார்கள். கடினமான வித்தைகள் இரண்டு தெரிந்திருந்தாலும் முழங்கால், கால் விரல் நீட்டுவதில் மதிப்பெண் கரைந்துவிடும் என்றார் கோச். வீட்டுக்கு வந்து ஒரு பாடு அழுதாள். எனக்கு அந்த முடிவு சரியென்றே பட்டது. நம்மூரில் வித்தையைச் சீக்கிரம் கொடுத்துவிடுகிறோம், அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. வயதுக் கணக்கும் குழப்பும்: பள்ளியில் ஆகஸ்ட் 31-ஐ வைத்து வகுப்பு, போட்டியில் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிவு. அக்டோபரில் பிறந்த என் மகள் வகுப்பில் மூத்தவர்களில் ஒருத்தி, போட்டியில் இளையவர்களில் ஒருத்தி.

பயிற்சி முறையில் பெரிய வித்தியாசம் ஒன்று. பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸில் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதம் பற்றி 2022 ஜூனில் ஒயிட் விசாரணை அறிக்கை வெளிவந்தது. படித்தால் மனம் கனக்கும். அதற்குப் பின் விதிகள் இறுகியிருக்கின்றன. கிளப்பில் பிள்ளைகள் நலனுக்கென்று ஒருவர் இருக்கிறார். சேர்ந்தவுடன் அவர் யார் என்று கேட்டு வையுங்கள். என் மகளின் சிக்கல் வேறு. "வலிக்கிறதா?" என்று கோச் கேட்டால் "இல்ல சார்" என்றே பழகியவள். அங்கே அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை எதிர்பார்க்கிறார்கள், பதிலை வைத்துத்தான் அன்றைய பயிற்சியே. வலி என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஒரு பருவம் பிடித்தது.

பள்ளி விஷயத்தில் ஒன்று. போட்டிக்குப் போக நம்மூர்ப் பள்ளியில் ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்குவது போல அங்கும் வழி உண்டு. தலைமையாசிரியர் அனுமதித்தால் வருகைப் பதிவேட்டில் விளையாட்டுக்கான தனிக் குறியீடே போடுவார்கள். கிளப்பிடம் கடிதம் வாங்கி முன்பே கொடுத்துவிட வேண்டும். ஊருக்குப் போகிறோம், சித்தி பெண் கல்யாணம் என்றெல்லாம் லீவு எடுத்தால்தான் ஆபத்து: அனுமதியில்லாத விடுப்புக்கு ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு அபராதம், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. எனவே பொங்கலுக்குச் சென்னை வருவது நடக்காத காரியம். ஆகஸ்டில் டிக்கெட் போடுகிறோம். விலை அதிகம்தான், ஆனால் அப்போது பள்ளியும் இல்லை, மாஸ்டரின் கூடமும் திறந்திருக்கும்.