சுருள் இல்லாத இண்டக்டர்: நான் படித்ததும் தடுமாறியதும்

ஃபில்டர் டிசைன் தேர்வில் என்னைக் கவிழ்த்தது, சுருள் சுற்றாமலே இண்டக்டர் போல நடந்துகொள்ளும் அண்டோனியோ சர்க்யூட். இரண்டு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்), உள்ளீட்டிலிருந்து கிரவுண்ட் வரை வரிசையாக ஐந்து இம்பீடன்ஸ் (ஒவ்வொன்றும் ரெசிஸ்டர் அல்லது கெபாசிட்டர்). இது வந்தால் விடை இண்டக்டர் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கெபாசிட்டர்களை முதல் இடத்திலும் ஐந்தாவது இடத்திலும் வைத்துக் கேட்டிருந்தார்கள், நான் அதைக் கவனிக்காமல் இண்டக்டர் என்றே எழுதிவிட்டேன். உண்மையில் அது அதிர்வெண்ணோடு மாறுகிற நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ்.

அதனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், கிரவுண்ட் பக்கத்திலிருந்து போட்டுப் பழகுங்கள். ஆப்-ஆம்ப்களின் உள்ளீடுகள் சேரும் மூன்று புள்ளிகளிலும் ஒரே வோல்டேஜ்தான் இருக்கும், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதில் ஓடும் கரன்ட், அதே கரன்ட் நான்காவதில், அப்புறம் மூன்றாவது என்று பின்னோக்கி வந்தால் ஐந்து வரியில் முடிந்துவிடும். உள்ளீட்டில் தெரியும் இம்பீடன்ஸுக்கு 1, 3, 5-ஐப் பெருக்கி, 2, 4-ன் பெருக்கலால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். வகுக்கும் 2, 4-ல் ஒன்று மட்டும் கெபாசிட்டர், மற்றதெல்லாம் ரெசிஸ்டர் என்றால் இண்டக்டர் கிடைக்கும். கெபாசிட்டரை இண்டக்டராகக் காட்டும் ஜைரேட்டரை டெல்லெகன் 1948-ல் முன்வைத்தார் என்பது இரண்டு மதிப்பெண்ணுக்குப் போதும்.

லேபில் நான்கு ரெசிஸ்டரும் 10 கிலோ ஓம், நான்காவது இடத்தில் 10 நானோ ஃபேரட் போட்டேன். 1 ஹென்றி! சுருளாகச் சுற்றினால் கையில் கனக்கும். இணையாக இன்னொரு 10 நானோ ஃபேரட், 200 கிலோ ஓம் வழியாக சிக்னல். 1.59 கிலோஹெர்ட்ஸில் உச்சி வர வேண்டும், கியூ (உச்சியின் கூர்மை) 20.

ஆனால் 8 வோல்ட் உச்ச அளவில் சிக்னல் கொடுத்தபோது உச்சி மழுங்கி, இடமும் நகர்ந்துவிட்டது. கெபாசிட்டர்தான் சரியில்லை என்று இரண்டு தடவை மாற்றினேன். ஆசிலோஸ்கோப்பை ஆப்-ஆம்பின் அவுட்புட் காலில் வைத்த பிறகுதான் புரிந்தது, அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தது. ஒத்ததிர்வில் ஐந்தாவது ரெசிஸ்டரில் இருக்கும் வோல்டேஜும் நான்காவது கெபாசிட்டரில் இருக்கும் வோல்டேஜும் சம அளவு, 90 டிகிரி விலகல், ஆக அவுட்புட்டில் √2 மடங்கு, அதாவது 11.3 வோல்ட் தேவை. சப்ளையோ ±12, அவுட்புட் அதை முழுதாக எட்டாது. நாம் பார்க்கும் டேங்க் புள்ளியில் (இண்டக்டரும் இணை கெபாசிட்டரும் சேரும் இடம்) 8 வோல்ட்தான் என்பதால் சந்தேகமே வராது. சிக்னலை 5 வோல்ட்டாகக் குறைத்ததும் உச்சி கூர்மையாகி 1.6 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வந்து நின்றது.